வீட்டில் யோகம் வளர்த்த வைத்தியர்

யோகம் என்றதும் மலைக்குகையும் ஜடாமுடியும் புலித்தோலுமே நம்மவர் மனத்தில் தோன்றுகின்றன. உத்தியோகமும் குடும்பமும் உடையவன் அதற்கு உரியவனல்லன் என்று நெடுங்காலமாக எண்ணி வந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஒரு தமிழர். அதிலும் வைத்தியத் தொழில் புரிந்தவர். அவரே ரிஷிகேசம் ஸ்ரீ சிவானந்த ஸரஸ்வதி ஸ்வாமிகள். ஆவலோடு வீட்டில் அப்பியாசத்தைத் தொடங்கிப் பத்தாம் நாள் கைவிட்டு வருந்துவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு இம்மகானுடைய சரித்திரம் பெரிதும் பயன்படும்.

கோரைப்பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில், அப்பைய தீக்ஷிதர் வமிசத்தில், 1887-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குப்புஸ்வாமி. எட்டயபுரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் கல்வி கற்றுத் தஞ்சாவூரில் வைத்தியம் பயின்றார். 1909-ல் 'அம்ப்ரோஸியா' என்னும் வைத்தியப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். 1913-ல் மலாய் நாட்டிற்குக் கப்பலேறி, ரப்பர்த் தோட்ட வைத்தியசாலையில் சேர்ந்து, அந்நாட்டில் சுமார் பத்து வருஷம் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். செல்வமும் நற்பெயரும் சேர்ந்தன. ஆயினும் சரீரத்தின் நோயைத் தீர்த்தால் மட்டும் மனிதன் சுகமடைவதில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1923-ல் அனைத்தையும் துறந்து தாய்நாடு திரும்பினார். 1924-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி ரிஷிகேசத்தில் ஸ்வாமி விசுவானந்த ஸரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றார்.

காஷாயம் தரித்த பின்னும் அவர் வைத்தியத்தை விடவில்லை. கங்கைக்கரைச் சுவர்க்காசிரமத்தில் பிக்ஷையுண்டு கடுந்தவம் புரிந்த நாட்களிலேயே, சாதுக்களுக்கும் பதரிகாசிரம யாத்திரிகர்களுக்கும் மருந்தளித்து வந்தார். 1927-ல் லக்ஷ்மண்ஜூலாவில் தர்ம வைத்தியசாலை ஒன்றை ஏற்படுத்தினார். ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்தனுப்பிய பின், அதைவிடச் சிறந்ததொன்று நினைவுக்கு வரவே, விடியற்காலையில் அவர் சென்ற வழியே ஓடிப்போய்க் கொடுத்துத் திரும்பினார். நோயாளி தம்மைத் தேடி வரவேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. யோகத்தையும் அவ்வாறே வேண்டியவர் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றார்.

1929 முதல் அவருடைய யோக நூல்கள் வெளிவரலாயின. பிற்காலத்தில் அவை இருநூறுக்கு மேற்பட்டன. வீட்டிலேயே செய்யத்தக்க யோகப் பயிற்சிகளைப் பற்றித் தனி நூலும் எழுதினார். அவர் விதித்த நியமங்கள் எளியவை: காற்றோட்டமான அறையில் தரைமீது ஒரு கம்பளம், வெறும் வயிறு, அதிகாலை நேரம், சரீரத்தை வருத்தாத சில ஆசனங்கள், பிறகு எளிய பிராணாயாமம், முடிவில் ஜபமும் தியானமும். பல ஆசனங்களை ஒரு நாள் செய்து மறுநாள் விடுவதைக் காட்டிலும், சிலவற்றைத் தினந்தோறும் செய்வதே நன்று என்பது அவர் கொள்கை. கால அளவைச் சிறிது சிறிதாகவே உயர்த்தவேண்டுமென்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்.

ஆனால் அவருடைய உபதேசத்தில் நாம் மிகவும் போற்றுவது ஆசனமன்று, தினக் குறிப்பே. வைத்தியர் நோயாளியின் ஜுரத்தை நாள்தோறும் குறித்து வைப்பதுபோல, சாதகன் தன்னைத் தானே குறித்துக்கொள்ள ஓர் அட்டவணை வகுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் ஆசனம் செய்தாய், எத்தனை மாலை ஜபித்தாய் என்பவற்றோடு, எத்தனை பொய் கூறினாய், எத்தனை முறை கோபங்கொண்டாய், பிறருக்காக என்ன செய்தாய் என்ற வினாக்களும் அதில் அமைந்தன. தவறியவன் தனக்குத் தானே உபவாசமோ அதிக ஜபமோ தண்டனையாக விதித்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் ஒரு பிரதியைக் குருவுக்கு அனுப்புதல் வேண்டும். குரு எதிரில் இல்லாத வீட்டில், அந்தக் காகிதமே குருவின் கண்ணாக நின்றது.

குருமுகமாகப் பெறவேண்டிய வித்தையை நூலிலும் தபாலிலும் வழங்கலாமா என்று கேட்பாருண்டு. அவ்வினா நியாயமானதே. ஸ்வாமிகளும் எல்லை அறியாதவரல்லர். எளிய ஆசனங்களைத் தனியே பழகலாம், நீண்ட கும்பகத்திற்கோ தேர்ந்த குரு அவசியம் என்று பிரித்தே கூறினார். உயர்ந்த இரத்த அழுத்தமும் கண்ணழுத்த நோயும் உள்ளோர் சிரசாசனத்தை விலக்கவேண்டும் என்று இக்கால வைத்தியர்கள் எச்சரிப்பதையும் வீட்டில் பழகுவோர் மறத்தலாகாது.

1936-ல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் இன்றும் நடைபெறுகிறது. ஸ்வாமிகள் 1963-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி மகாசமாதி அடைந்தார். பிற்காலத்தில் நீரிழிவு முதலிய பிணிகள் அவரையும் பீடித்தன. யோகி நோயற்றவன், சாவற்றவன் என்று எண்ணுவோருக்கு இது ஏமாற்றமளிக்கலாம். நமக்கோ இதுவே தெளிவு தருகிறது. பிணியுற்ற நாட்களிலும் அவர் தொண்டும் எழுத்தும் குன்றவில்லை. யோகத்தின் பயனை உடலின் வளைவில் அளவிடலாகாது. உள்ளத்தின் உறுதியில் அளவிட வேண்டும்.

நேயர்களே, இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பாய், விடியற்காலையில் கால் மணி நேரம், பொய் எழுதாத ஒரு குறிப்புப் புத்தகம் ஆகிய மூன்றும் எந்த ஏழை வீட்டிலும் கிடைக்கும். ஒரு நாள் தவறினால் அதையும் மறைக்காமல் எழுதிவிட்டு, மறுநாள் மீண்டும் பாயை விரிப்போமாக.