செவிலியர் வேலையும் டாக்டர் ஐடா ஸ்கடரும்

நம் குடியிருப்பில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் சம்பளத்தைவிட மரியாதையைப் பற்றித்தான் அதிகம் வருத்தப்படுகிறார்கள். அந்த மரியாதைக்கு நம் தமிழ்நாட்டில் வழி செய்தவர்களில் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர் என்று எல்லோருக்கும் தெரியும். செவிலியருக்கு அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் விருப்பமில்லை. தாயாருக்கு உடல்நலமில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. ஆண் டாக்டரான அவர் அப்பா வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1900-ல் வேலூரில் வீட்டிலேயே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. மனைவியின் நினைவாக அதற்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்தவர் ஒரு நியூயார்க் வங்கியாளர். (வங்கியில் இருந்தவன், இதைச் சொல்லாமல் விட மனமில்லை!)

கட்டடம் வந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதன்பின் இரவும் பகலும் நோயாளியைக் கவனிப்பது யார்? அந்நியரின் புண்ணைத் துடைத்து, பெட்பேன் எடுக்கும் வேலைக்குப் பெண்ணை அனுப்ப அன்றைய குடும்பங்கள் கூசின. இதை எடுபிடி வேலையாகவே வைத்திருந்தால் யாரும் நிலைக்க மாட்டார்கள். 1909-ல் டெலியா ஹௌட்டன் என்ற நர்ஸ் அம்மையாரோடு சேர்ந்து ஐடா செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். முறையாகப் படித்து, தேறி, தொழிலுக்கு வரலாம் என்றானது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அவர் தொடங்கியது 1918-ல்தான். டாக்டர்களுக்கு ஒன்பது வருடம் முன்பே செவிலியருக்குப் பள்ளி வைத்ததைக் கவனியுங்கள்!

1926-ல் சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவுக்குச் சட்டம் வந்தது. 1946-ல் வேலூர்ப் பள்ளி கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. நர்சிங் பட்டப் படிப்பு ஆரம்பமானது. இந்தியாவில் முதன்முதலாக அந்தப் படிப்பு தொடங்கிய இடங்கள் வேலூரும் டெல்லியும்தான். என் பார்வையில் இதுதான் பெரிய காரியம். மேலே போகப் படி இல்லாமல் ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்காருவது எப்படியிருக்கும் என்பது என் போன்ற குமாஸ்தாக்களுக்கு நன்றாகவே தெரியும். பட்டம் பெற்ற செவிலியர் பாடம் நடத்தலாம், கல்லூரி முதல்வராகவும் ஆகலாம்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்தார். நம் சமயநல்லூர் வழியாகப் பேருந்துகள் ஏறிப்போகும் அதே மலையில், 1960 மே 24 அன்று, 89-வது வயதில் காலமானார்.