டிஷெண்டார்ஃப்: விவிலியத்தின் பழைய பிரதியைத் தேடியவர்

விவிலியத்தின் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கக்கூடும். 1871ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பில் மாற்கு நற்செய்தியின் இறுதி அதிகாரம் 20 வசனங்களுடன் இடையீடின்றி முடிகிறது. 1995ஆம் ஆண்டில் வெளியான பொது மொழிபெயர்ப்போ, அவற்றில் கடைசி 12 வசனங்களைத் தனியாகக் குறித்துக் காட்டுகிறது.

இதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர்களின் விருப்பு வெறுப்பு அல்ல, அவர்கள் பின்பற்றிய கிரேக்க மூலங்கள் வேறுபட்டவை என்பதே. அந்த மூலங்களைப் பற்றிய பார்வையை மாற்றியதில் பெரும் பங்கு வகித்தவர் ஜெர்மானிய அறிஞரான கான்ஸ்டன்டீன் டிஷெண்டார்ஃப்.

சாக்ஸனி பகுதியிலுள்ள லெங்கன்ஃபெல்ட் என்ற சிற்றூரில் 1815ஆம் ஆண்டு பிறந்த அவர், லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். அக்காலத்தில் ஐரோப்பாவில் வழங்கிய புதிய ஏற்பாட்டு நூல்கள் பெரும்பாலும் ஒரே கிரேக்கப் பாடத்தைச் சார்ந்திருந்தன. அது, எராஸ்மஸ் 1516ஆம் ஆண்டு பாஸல் நகரில் வெளியிட்ட பதிப்பிலிருந்து வளர்ந்த பாடம். எராஸ்மஸிடம் இருந்தவையோ பிற்காலத்தைச் சேர்ந்த ஒரு சில கையெழுத்துப் பிரதிகள் மட்டுமே.

நற்செய்திகளின் நம்பகத்தன்மை குறித்து ஜெர்மனியில் எழுந்த ஐயங்களுக்கு, மிகப் பழைய பிரதிகளைக் கண்டெடுத்துப் பதிலளிக்க முடியும் என டிஷெண்டார்ஃப் நம்பினார். பாரிஸ் நகரில், எழுத்துகள் சுரண்டப்பட்டு மேலே வேறு நூல் எழுதப்பட்டிருந்த 5ஆம் நூற்றாண்டுத் தோல் ஏட்டைப் பொறுமையுடன் வாசித்து, 1843ஆம் ஆண்டு அதன் புதிய ஏற்பாட்டுப் பகுதியை வெளியிட்டுப் புகழ்பெற்றார்.

சீனாய் மலையடிவாரத்தில்

1844ஆம் ஆண்டு எகிப்தின் சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கேத்தரின் மடத்துக்குச் சென்ற அவர், அங்கிருந்து பழைய ஏற்பாட்டின் 43 ஏடுகளுடன் திரும்பினார். எரிப்பதற்காகக் கூடையில் போடப்பட்டிருந்த ஏடுகளைத் தான் மீட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். மடத்தின் துறவிகள் இதனை ஏற்பதில்லை.

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டரின் ஆதரவுடன் 1859ஆம் ஆண்டு மீண்டும் அங்கு சென்றபோது, அதே பிரதியின் பெரும்பகுதியைக் கண்டார். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பிரதியில் புதிய ஏற்பாடு முழுமையாக இருந்தது. திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதியளித்துவிட்டு அதனை செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக் கொண்டுசென்றார். 1862ஆம் ஆண்டு அங்கு அதன் பதிப்பு வெளியானது.

பிரதி மடத்துக்குத் திரும்பவில்லை. 1869ஆம் ஆண்டு அது ரஷ்யாவுக்கு நன்கொடையாக எழுதிக்கொடுக்கப்பட்டது. மடத்துக்கு 9,000 ரூபிள் வழங்கப்பட்டது. பேராயர் பதவி குறித்த சர்ச்சையால் ரஷ்யாவின் தயவு மடத்துக்குத் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே அந்த நன்கொடை எந்த அளவுக்கு மனமுவந்து அளிக்கப்பட்டது என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது.

எதிர்பாராத விளைவு

விவிலியத்தின் பாடத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று புறப்பட்டவரின் கண்டுபிடிப்பு, பழக்கப்பட்ட பாடத்தையே கேள்விக்குள்ளாக்கியது. சீனாய் பிரதியில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆவது வசனத்துடன் முடிகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றிய யோவான் நற்செய்தியின் பகுதி அதில் இல்லை. மத்தேயு நற்செய்தியில் இயேசு கற்பித்த செபத்தின் இறுதிப் புகழுரையும் இல்லை.

ரோமில் உள்ள வத்திக்கான் பிரதியும் இம்மூன்று இடங்களிலும் இதனுடன் ஒத்துப்போகிறது. இவ்விரண்டையும் முதன்மையாகக் கொண்டு வெஸ்ட்காட், ஹோர்ட் ஆகிய ஆங்கிலேய அறிஞர்கள் 1881ஆம் ஆண்டு ஒரு கிரேக்கப் பதிப்பை வெளியிட்டனர். இன்றைய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த ஆய்வு மரபின் வழி வந்தவையே.

எனினும் கருத்து வேறுபாடு ஓயவில்லை. எஞ்சியுள்ள கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை பைசாந்திய மரபைச் சேர்ந்தவை. அவை பழைய பாடத்துக்கே நெருக்கமானவை. எண்ணிக்கைக்கு மதிப்பளிப்பதா, தொன்மைக்கு மதிப்பளிப்பதா என்பதே வாதத்தின் மையம். ஒரே பிழையான பிரதியைப் பார்த்து நூறு பேர் எழுதினால் பிழையும் நூறாகும் என்பது ஒரு தரப்பு. பழமையான பிரதியிலும் எழுதியவர் வரிகளைத் தவறவிட்டிருக்கலாம் என்பது மறுதரப்பு.

தமது எட்டாவது கிரேக்கப் பதிப்பை 1872ஆம் ஆண்டு நிறைவுசெய்த டிஷெண்டார்ஃப், 1874ஆம் ஆண்டு லைப்ஸிக் நகரில் காலமானார்.

அவர் தேடிய பிரதியின் பயணம் தொடர்ந்தது. 1933ஆம் ஆண்டு ஸ்டாலினின் அரசு அதனை ஒரு லட்சம் பவுண்டுக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் விற்றது. இன்று அதன் ஏடுகள் லண்டன், லைப்ஸிக், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் என நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. நான்கு நிறுவனங்களும் கூட்டாக 2009ஆம் ஆண்டு எல்லா ஏடுகளையும் இணையத்தில் வெளியிட்டன. படங்களில் ஒன்றுசேர்ந்த அந்த ஏடுகள் ஒரே கூரையின் கீழ் இன்னும் ஒன்றுசேரவில்லை.