மார்மைட்டில் கிடைத்த விடை: யார் இந்த லூசி வில்ஸ்?

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அதாவது வைட்டமின் பி9. இதன் கதை தொடங்குவது பம்பாயில்தான்.

1888-ல் இங்கிலாந்தில் பிறந்த டாக்டர் லூசி வில்ஸ், 1928-ல் இந்தியா வந்தார். பம்பாய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலருக்கு, கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை. உயிருக்கே ஆபத்து.

அவங்க சாப்பாட்டை லூசி கவனித்தார். காய்கறி, பழம் ரொம்பக் குறைவு. அதே மாதிரி உணவு கொடுத்த குரங்குகளுக்கும் ரத்தசோகை வந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறின. பெண்களும் தேறினார்கள். 1931-ல் முடிவை வெளியிட்டார். குன்னூரிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

மார்மைட்டில் இருந்தது எது? ‘வில்ஸ் ஃபேக்டர்’ என்றார்கள். 1941-ல்தான் ஃபோலிக் ஆசிட் என்ற பெயர் வந்தது.

ஏன் முக்கியம்? புது செல்கள் உருவாக ஃபோலேட் வேண்டும். குறைந்தால் ரத்த சிவப்பணுக்கள் முதிராமல் வீங்கிவிடும். சிசுவின் மூளை, தண்டுவடம் உருவாவதிலும் குறை வரலாம். அது நடப்பது முதல் நான்கு வாரங்களில், பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில்.

லூசி 1964-ல் மறைந்தார். குழந்தைக்குத் திட்டமிடுறீங்களா? கர்ப்பமாகும் முன்பே டாக்டரிடம் இந்த மாத்திரை பற்றிக் கேளுங்க.