கமராக் கலைஞர் லயனல் வென்ட்

நிலாக் காலத்து இரவுகளிலே கல்லடிப் பாலத்தடியில் மீன்கள் பாடும் என்பது மட்டக்களப்பு மண்ணின் பழம்புகழ். அந்தப் பழைய பாலத்தின்மீது நின்று, வாவியில் வலை வீசும் தோணிக்காரரைப் படம் பிடிக்கும் பழக்கம் எனக்குண்டு. அதற்கு நான் கையாள்வது என் தாய்மாமன் விட்டுச்சென்ற பென்டாக்ஸ் கமரா. யப்பானியர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட கே-1000 என்னும் வகையைச் சேர்ந்தது அது. வில்லையின் பின்னே சாய்ந்து நிற்கும் கண்ணாடி காட்சியை மேலே அனுப்ப, அங்குள்ள பட்டகம் அதனை நேராக்கிக் கண்ணுக்குக் காட்டும். விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும், திரை ஓடும், படச்சுருளில் ஒளி பதியும். ஒளி புகும் துளையின் அளவையும், திரையின் வேகத்தையும், வில்லையின் குவிவையும் படம் எடுப்பவனே கையால் அமைத்தல் வேண்டும். மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்துபோனாலும் கமரா தன் தொழிலை விடாது.

கைத்தொலைபேசியிலே நொடிக்கொரு படம் எடுக்கும் என் மாணவர், முப்பத்தாறு படத்தோடு முடிந்துபோகும் இக்கருவியைக் கண்டு நகைப்பர். இத்தனை தொல்லை எதற்கு என்பது அவர்தம் வினா. அவ்வினாவிற்கு விடையாக நான் அவர்கட்குச் சொல்லும் வரலாறு ஒன்றுண்டு. இலங்கை மண்ணிலே பிறந்த கமராக் கலைஞருள் தலைசிறந்தவராகிய லயனல் வென்ட் என்பாரின் வரலாறே அது. தமிழ் வாசகர் பலர் அவர் பெயரைக் கொழும்பிலுள்ள ஒரு நாடக அரங்கின் பெயராகவே அறிவர். அரங்கின் பின்னே நிற்கும் மனிதரை அறிந்தவர் சிலரே.

பிறப்பும் கல்வியும்

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட், பறங்கியர் குலத்தவர். உயர்நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். தாயார் அமெலியா, டி சேரம் என்னும் சிங்களப் பெருங்குடியில் வந்தவர். பறங்கியர் என்றதும் நம் மட்டக்களப்பாருக்கு, தச்சுத் தொழிலிலும் கொல்லுத் தொழிலிலும் கைவல்ல போர்த்துக்கேய மரபினரே நினைவுக்கு வருவர். வென்ட் குடும்பமோ கொழும்பின் செல்வமும் சட்டமும் ஆங்கிலமும் சூழ்ந்த பறங்கியர் வழி. மைந்தருக்குப் பத்து, பதினோரு வயது நடக்கையிலேயே, 1911இல், தந்தையார் காலமாயினார்.

பள்ளிப் படிப்பை முடித்த வென்ட் இலண்டன் மாநகர் சென்றார். சென்றது சட்டம் பயில. ஆயினும் சட்டத்தோடு கூடவே அரச இசைக் கழகத்தில் பியானோவும் பயின்றார். ஒரு கையில் வழக்கு நூல், மறு கையில் இசைக் குறிப்பு என்றவாறு கழிந்தன அவ்வாண்டுகள். 1924ஆம் ஆண்டு அவர் பாரிஸ்டர் பட்டத்தோடு தாயகம் மீண்டார். தந்தை வழியிலே நீதிமன்றம் ஏறுவார் என உற்றார் எண்ணியிருந்தனர். அவரோ சிறிது காலத்துள் வழக்குரைக்கும் தொழிலைக் கைவிட்டு, பியானோவின் முன் அமர்ந்துவிட்டார். கொழும்பின் செல்வர் கூட்டம் அன்று கேட்டறியாத புதிய ஐரோப்பிய இசையை அவர் விரல்கள் அவர்கட்கு அறிமுகம் செய்தன.

நண்பரும் நூல்களும்

வென்ட் தாம் பெற்றதைப் பூட்டி வைப்பவர் அல்லர். 1929ஆம் ஆண்டிலே சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்தில் தன்னந்தனியே குடியிருந்த அவர்தாம், பின்னாளில், 1971இல், நோபல் பரிசு பெற்ற பெருங்கவிஞர் பாப்லோ நெரூடா. ஆங்கிலேய அதிகாரிகளின் விருந்து மண்டபங்களில் மனம் ஒட்டாது வாடிய அவருக்கு வென்ட் உற்ற துணையாயினார். இங்கிலாந்திலிருந்து தமக்கு வரும் புதிய நூல்களைச் சாக்கிலே கட்டி, ஒரு சைக்கிள்காரர் வாயிலாக நெரூடாவின் வீட்டுக்கு அனுப்பி வந்தார். பல்லாண்டு கழித்துத் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதப் புகுந்த கவிஞர் இதனை நன்றியோடு குறித்துள்ளார்.

ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் வென்ட்டின் நெருங்கிய நண்பர். கீற் முதலிய இளம் ஓவியரின் படைப்புகளை மக்கள் முன் வைப்பதற்கும், அவற்றின் பெருமையை எழுத்தால் விளக்குவதற்கும் வென்ட் தம் பொருளையும் பொழுதையும் செலவிட்டார். கண்டிய நடனக் கலைஞரையும் அவர் ஆதரித்துப் போற்றினார்.

கமரா கைக்கு வந்தது

வென்ட் கமராவில் முழுமனத்தோடு இறங்கியது 1930களின் தொடக்கத்திலேதான். காலமும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. அதுகாறும் நல்ல படம் எடுக்க வேண்டுமாயின் பெரிய பெட்டியும் முக்காலியும் கண்ணாடித் தட்டுகளும் சுமந்து செல்லல் வேண்டும். ஜேர்மனியிலே ஒஸ்கார் பார்னாக் என்னும் பொறியியலறிஞர், திரைப்படச் சுருளையே சிறு கமராவிலிட்டு, 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர் அளவிலே படம் பிடிக்கும் கருவியை ஆக்கினார். லைக்கா என்னும் பெயரோடு அது 1925இல் லைப்சிக் நகரச் சந்தையிலே மக்கள் முன் வந்தது. 1929இல் அதே நாட்டின் பிரவுன்ஸ்வைக் நகரிலிருந்து ரோலிஃப்ளெக்ஸ் வந்தது. அதற்கு ஒன்றன் மேலொன்றாக இரண்டு வில்லைகள்; மேல் வில்லை காண்பதற்கு, கீழ் வில்லை பதிவதற்கு. காட்சி உட்கண்ணாடியில் திரும்பி, மேலே உள்ள மங்கற் கண்ணாடியில் விழும். அதனைக் காண்பவர் கமராவை மார்பின் கீழே தாங்கித் தலை குனிந்து நோக்குதல் வேண்டும். எதிரே நிற்பவரை முறைத்துப் பாராமல், அவரை வணங்குவார்போல நின்று படம் எடுக்கும் கருவி அது.

இவ்விரு கருவிகளும் வென்ட்டின் கையிலே இசைக் கருவிகள் போலாயின. ஒற்றை வில்லையும் உட்கண்ணாடியும் கொண்டு 35 மில்லிமீற்றர்ச் சுருளில் படம் பிடிக்கும் எக்சாக்டா 1936இலேயே ஜேர்மனியிற் பிறந்துவிட்டது. எனினும், பட்டகம் பொருத்திய கமராக்கள் பரவி, இன்று பழங்கமரா அன்பர் தேடித் திரியும் பென்டாக்ஸ், நிக்கோன் முதலியன பெயர் பெற்ற காலம் போருக்குப் பிற்பட்டது. அதனைக் காண வென்ட் இருந்தாரில்லை.

அவர் படமாக்கியவை யாவை? கடலோர மீனவர், வயலில் உழைப்போர், ஆற்றில் நீராடுவோர், நடனக்காரர், பௌத்தத் துறவியர், பொலநறுவையின் கற்சிலைகள், தென்னையின் நிழல், மனித உடலின் தசையும் வளைவும். செல்வர் வீட்டுப் பிள்ளை ஏழையின் உழைப்பை அழகாக மட்டுமே கண்டார் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறை முற்றும் பொய்யென நான் வாதிடேன். ஆயினும், குடியேற்ற ஆட்சிக் காலத்து நிழற்படக் கடைகள், நம் மக்களை இன்ன சாதி, இன்ன தொழில் எனப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பொருட்காட்சிப் பண்டங்களைப்போல் நிறுத்திப் படம் எடுத்து விற்றன. வென்ட்டின் படங்களிலே அம்மக்கள் தம்முள் தாமே ஆழ்ந்து, தமக்குரிய நிமிர்வோடு நிற்கின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இருட்டறைத் தவம்

படம் பிடிப்பதோடு அவர் வேலை முடியவில்லை. பாதி வேலை இருட்டறையிலேதான். பாதி துலங்கிய படத்தின்மீது மீண்டும் ஒளியைச் சிறிது வீழ்த்தினால், வெண்மையும் கருமையும் இடையிடையே நிலைமாறி, உருவத்தின் விளிம்பிலே மெல்லிய கோடொன்று தோன்றும். ஐரோப்பாவிலே மான் ரே என்பார் புகழ்பெறச் செய்த இவ்வித்தையை வென்ட் கொழும்பில் இருந்தவாறே கைவரச் செய்தார். பல படங்களை ஒன்றிணைத்துப் புதுப் படம் ஆக்கினார். சேதனமும் அசேதனமும் கூடிய கனவுக் காட்சிகள் சில அவ்வாறு பிறந்தன. தாம் கற்றதைச் செய்தித்தாளில் எழுதி ஏனைய ஆர்வலருக்கும் கற்பித்தார். 1938ஆம் ஆண்டிலே இலண்டன் கமராக் கழகத்தில் அவர் படங்கள் தனிக் காட்சியாக வைக்கப்பெற்றன.

இதே காலத்தில், பசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் எடுத்து 1934இல் வெளிவந்த இலங்கை பற்றிய புகழ்பெற்ற ஆவணப் படத்திற்கு வென்ட் துணை நின்றார். அப்படத்தில் ஒலிக்கும் விளக்கக் குரலும் அவருடையதே. அவர் வாசித்தது றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. இந்த நொக்ஸ் நம் கிழக்குக் கரையின் கொட்டியாரக் குடாவிலே 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தவர் என்பதை நம்மவர் அறிவர்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டும் முடிவும்

1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, பழைய ஓவியக் கழகத்தின் போக்கில் மனநிறைவு கொள்ளாத ஓவியர் சிலர் வென்ட்டின் இல்லத்தில் ஒன்றுகூடினர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் சேர்ந்த அக்குழு, 43ஆம் குழு எனவே பெயர் பெற்றது. இலங்கையின் புத்தோவியக் கலைக்கு அதுவே நாற்றங்காலாயிற்று. நாற்றுக்கு நீர் வார்த்தவர் வென்ட்.

ஆனால், விளைவைக் காண அவருக்கு ஆயுள் இல்லை. 1944ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலேயே, நாற்பத்து நான்கு வயது நிறைந்து சின்னாட் கழியுமுன், அவர் மாரடைப்பால் மறைந்தார். யாழ் நூல் கண்ட நம் விபுலாநந்த அடிகளும் 1947இல் மறைந்தார்கள். அறிவியலையும் இசையையும் ஒருங்கு பயின்ற அடிகள் இக்கல்லடியிலே துயில்கின்றார்கள். பியானோவையும் கமராவையும் ஒருங்கு பயின்ற வென்ட் கொழும்பிலே மறைந்தார். ஒரே காலத்தில், ஒரே தீவில் வாழ்ந்த இவ்விருவரையும் சேர எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கின்றது.

வென்ட் மறைந்தபின் நிகழ்ந்ததுதான் கமரா அன்பர் எவரையும் துணுக்குறச் செய்வது. அவர்தம் மூலப் படச்சுருள்கள் அனைத்தும் அழிக்கப்பட்டன. சுருள் இல்லையேல் மீண்டும் பிரதி எடுத்தல் இயலாது. வேரறுத்த மரம்போல ஆயிற்று அவர் கலை. ஆயினும், அவர் தம் கையாலே பதித்து வைத்த படங்கள் எஞ்சின. அவற்றின் துணையால் நண்பர்கள் 1950இல் இலண்டனிலே ஒரு பெருநூல் வெளிவரச் செய்தனர். அவர் இல்லம் இருந்த நிலத்திலே 1953இல் நினைவு அரங்கு எழுந்தது. 1994இல் மூலப் பிரதிகளின் தொகுதியொன்று வெளிச்சத்துக்கு வந்தது. 2017இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலே அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. இன்று உலகம் அவரை அறிவது இப்பிரதிகளால் மட்டுமே.

எஞ்சியது எது?

இவ்வரலாற்றை நான் மாணவர்க்குச் சொல்வதன் காரணம் ஒன்றுண்டு. என் மாமன் படச்சுருள்களை வெட்டி, ஆண்டும் மாதமும் எழுதிய தாளுறைகளில் இட்டு, ஒரு தகரப் பெட்டியில் காத்து வந்தார். 1998இல் அவர் மறைந்தபின் மாமி அப்பெட்டியை விளக்கு மாடத்தருகே வைத்துப் பேணினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடல் எழுந்து கல்லடிக் கரையை விழுங்கியது. மாமியும் வீடும் பெட்டியும் ஒருங்கே போயினர். திருத்துவதற்கென்று நான் வாங்கி வந்திருந்தமையால் கமரா மட்டும் என்னிடம் தப்பியது. மாமியின் முகம் பதிந்த படம் ஒன்றுதானும் எங்களிடம் இல்லை.

ஓராண்டு கழித்து, அயலூரிலே குடியேறியிருந்த ஒரு கிழவியார், சீலைத் தலைப்பில் முடிந்து ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தார். கோயில் திருவிழாவிலே அவரும் மாமியும் அருகருகே நின்று சிரிக்கும் படம். எவரைப் படம் எடுத்தாலும் அவர்க்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவது மாமன் வழக்கம். அந்தச் செலவை வீண் என்று நாங்கள் அன்று பழித்ததுண்டு. அவர் தமக்கெனச் சேர்த்தவை கடலோடு போயின. பிறர்க்குக் கொடுத்த ஒன்று திரும்பி வந்தது.

ஈகையை அடுத்துப் புகழை அதிகார முறையில் வைத்த வள்ளுவப் பெருந்தகையின் கருத்து எனக்கு விளங்கியது அன்றே. நூலைக் கொடுத்தார், இசையைக் கொடுத்தார், வீட்டின் கதவைத் திறந்து கொடுத்தார் வென்ட். அவர் காகிதத்திலே பதித்து வைத்தவையே அவரை நமக்குக் காட்டி நிற்கின்றன. ஆயிரம் படங்கள் தொலைபேசிக்குள் உறங்குவதால் யாது பயன் என்று மாணவரைக் கேட்பேன். ஒன்றை அச்சிட்டு உரியவர் கையிற் கொடுங்கள் என்பேன். சென்ற மாதம் பாலத்தடியில் எடுத்த தோணிக்காரரின் படம் கொழும்பிலிருந்து அச்சாகி வந்திருக்கின்றது. நாளை விடியற்காலையில் அதனை அவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.