மார்க்கரெட் மெக்மில்லன் அம்மையார்



பிள்ளைகளின் படிப்புக்குப் பொருள் செலவிட நாம் தயங்குவதில்லை. பள்ளிக் கட்டணம், புத்தகம், உடுப்பு என்று கேட்டால் கல்லாவைத் திறந்து கொடுத்து விடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை காலையில் பசியாறிவிட்டுப் போனதா, கரும்பலகையில் எழுதியது அதன் கண்ணுக்குத் தெரிகிறதா, காது நன்றாய்க் கேட்கிறதா என்று விசாரிப்போர் நம்மில் சிலரே. உடல் நலமும் கல்வியும் ஒன்றை விட்டு ஒன்று நில்லாது என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் உழைத்துக் காட்டிய ஓர் அம்மையாரின் சரிதையை இங்கே சுருக்கமாய்ச் சொல்ல விரும்புகிறோம்.

மார்க்கரெட் மெக்மில்லன் 1860-ம் வருஷம் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர், நம் முன்னோரைப் போலவே பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்கள். 1865-ல் தகப்பனாரும் சின்னத் தங்கையும் இறந்து போயினர். தாயார் மார்க்கரெட்டையும் அக்காள் ரேச்சலையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் தம் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். சிறு வயதில் கண்ட கடுங்காய்ச்சலால் மார்க்கரெட்டுக்குக் காது கேளாமல் போயிற்று. பதினான்கு வயதில்தான் மறுபடி கேட்கத் தொடங்கியது. நோய் ஒரு பிள்ளையின் படிப்பை எப்படித் தடுக்கும் என்பதை அவர் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1893-ல் அவர் இங்கிலாந்தின் வடக்கே உள்ள பிராட்போர்டு நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அது கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பாதி நாள் ஆலையில் வேலை, பாதி நாள் பள்ளிக்கூடம் என்று அலைந்த காலம் அது. மறு வருஷமே அவர் பள்ளிக்கூட நிர்வாக சபைக்கு நடந்த தேர்தலில் ஜெயித்தார். வகுப்புகளைச் சுற்றிப் பார்த்தபோது, பசியோடு தூங்கி விழும் பிள்ளைகளையும், மாதக் கணக்கில் உடுப்பைக் கழற்றாமல் அழுக்கும் சொறியுமாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் கண்டார். பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை, குளிப்பாட்டுவது அல்ல என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. அம்மையார் விடவில்லை. 1897-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் குளிக்கும் இடம் கட்டப்பட்டது. டாக்டர் ஜேம்ஸ் கெர் என்பவருடன் சேர்ந்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திய பரிசோதனை நடத்தினார். பிரிட்டனில் இதுவே முதன்மையானது என்பர்.

1902-ல் வந்த சட்டம் அந்த நிர்வாக சபைகளைக் கலைத்து விட்டது. அம்மையார் தெற்கே போய் அக்காளுடன் சேர்ந்துகொண்டார். இருவரும் ஓயாமல் எழுதினர், பேசினர், அதிகாரிகளைக் கண்டு வாதாடினர். இவர்களைப் போன்ற பலருடைய முயற்சியால் 1906-ல் பள்ளியில் உணவு வழங்க இடம் தரும் சட்டமும், 1907-ல் பள்ளிப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டமும் நிறைவேறின.

ஆனால் பரிசோதனை மட்டும் நோயைப் போக்குமா? சிகிச்சைக்கு இடம் வேண்டுமே! 1908-ல் லண்டனில் போ என்னும் பகுதியிலும், 1910-ல் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த டெப்ட்போர்டிலும் பிள்ளைகளுக்கான வைத்தியசாலைகளைத் திறந்தனர். இதற்குப் பொருள் கொடுத்தவர் ஜோசப் பெல்ஸ் என்ற அமெரிக்கர். சவுக்காரம் செய்து விற்ற வியாபாரி அவர்.

அங்கே பல், கண், காது, தோல் வியாதிகளுக்கு மருந்து கிடைத்தது. ஆயினும் குணமாகிப் போன பிள்ளைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். நனைந்த அரிசி மூட்டையை வெயிலில் உலர்த்தி, மறுபடியும் அதே ஒழுகும் கூரையின் கீழ் அடுக்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வெயில் படாத வீடு, நெரிசலில் தூக்கம், அரை வயிற்றுச் சாப்பாடு: நோயின் வேர் அங்கே இருந்தது.

ஆகவே 1911-ல் சிறுமிகள் இரவில் திறந்த வெளியில் காற்றோட்டமாய்த் தூங்குவதற்கு ஒரு முகாம் அமைத்தனர். அவர்கள் காலையில் குளித்து, பசியாறி, பிறகு பள்ளிக்கூடம் போவார்கள். 1914-ல் பள்ளி வயது வராத குழந்தைகளுக்காகத் தோட்டத்தின் நடுவே ஒரு பாலர் பள்ளி தொடங்கினர். அங்கே குளிப்பு, நல்ல உணவு, பகல் தூக்கம், செடி கொடிகளுக்கிடையே விளையாட்டு எல்லாம் பாடத்தோடு சேர்ந்தே நடந்தன.

1917-ல் ரேச்சல் காலமானார். துக்கத்திலும் மார்க்கரெட் வேலையை நிறுத்தவில்லை. 1918-ன் கல்விச் சட்டம் பாலர் பள்ளிகள் நடத்த ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. 1923-ல் பாலர் பள்ளிச் சங்கம் அமைந்தபோது அவரே முதல் தலைவரானார். 1930-ல் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரியைத் திறந்து, அதற்குத் தம் பெயரை வைக்காமல் அக்காள் பெயரையே வைத்தார். மறு வருஷம், 1931-ல், காலமானார். ரேச்சல் பெயர் தாங்கிய பாலர் பள்ளி டெப்ட்போர்டில் இன்றும் நடைபெறுகிறது.

சகோதரர்களே! அம்மையாரிடம் சொத்து இல்லை. கையில் அதிகாரம் இருந்ததும் சில வருஷங்களே. பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று அதற்கு என்ன குறை என்று பார்த்தார். பொருள் உதவியவரோ நம்மைப் போல் ஒரு வியாபாரி. நமது சங்கங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகமும் உபகாரச் சம்பளமும் கொடுப்பது நல்ல காரியமே. அத்துடன் வருஷத்துக்கு ஒரு நாள் டாக்டரையும் பல் வைத்தியரையும் மத்ரஸாவுக்கு அழைத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் செய்தால் என்ன? கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் என்ன? பசியாறாமல் வரும் பிள்ளை யார் என்று உஸ்தாதிடம் கேட்டு வைத்தால் என்ன? பெரிய தொகை வேண்டியதில்லை. அடுத்த பொதுக் கூட்டத்தில் இதை ஆலோசித்து ஒரு முடிவுக்கு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.