உழவாரம் ஏந்திய முதுமை

சைவ சமயக் குரவர் நால்வருள் முதுமை எய்தும்வரை வாழ்ந்தவர் திருநாவுக்கரசு சுவாமிகள் ஒருவரே. ஏழாம் நூற்றாண்டில் தோன்றிய இப்பெருமானார் 81 ஆண்டுகள் இம்மண்ணில் விளங்கினார் என்பது சைவ மரபு. மற்ற மூவரும் இளம் வயதிலேயே இறைவன் திருவடி சேர்ந்தனர்.

திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்ப் பிறந்ததும், சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றதும், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்ததும், நீற்றறையிலும் கடலிலும் இறைவன் காத்தருளியதும் அன்பர்கள் நன்கறிந்தவையே. அவற்றின் பின் வந்த நெடிய காலத்தை நாம் அத்துணை நினைப்பதில்லை.

சீர்காழியில் சம்பந்தப் பிள்ளையார் அழைத்தமையால் அப்பர் என்னும் பெயர் நிலைத்தது. வயதில் மூத்தவராயினும், பின்னாளில் திருப்பூந்துருத்தியில் பிள்ளையாரின் முத்துச் சிவிகையைக் கூட்டத்துள் ஒருவராய் நின்று தோளில் சுமந்தார். அதனை உணர்ந்த பிள்ளையார் பதைத்து இறங்கி வணங்கினார். மூத்தோர்க்கு இளையோர் பணிதல் உலக வழக்கு. இங்கோ இருவரும் ஒருவரையொருவர் பணிந்து மகிழ்ந்தனர்.

நாவினால் பதிகம், கையினால் உழவாரம். ஆலயந்தோறும் புல் செதுக்கும் அந்தத் தொண்டினை அவர் ஒருநாளும் விட்டிலர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவர்க்கும் இறைவன் படிக்காசு அளித்தான். பிள்ளையார் பெற்ற காசுக்கு வட்டம் பிடித்தனர்; அப்பர் காசுக்கோ அது இல்லை. கைத்தொண்டு செய்தவர் பெற்ற காசு என்பதே காரணம் எனச் சேக்கிழார் பெருமான் உணர்த்துகின்றார்.

முதுமையில் கயிலைக் காட்சியை விரும்பி வடதிசை நடந்தார். காசியையும் கடந்தார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய, மார்பினால் நகர்ந்தார். பின்னர்ப் புரண்டு சென்றார். உறுப்பெல்லாம் ஓய்ந்து வழியிடைக் கிடந்தபோது இறைவன் முனிவராய்த் தோன்றி, மானிட உடலுடன் கயிலை செல்லல் அரிது, மீள்க என்றான். காணாமல் மீளேன் என மறுத்தார் அடிகள். உடல் தளர்ந்ததேயன்றி ஆசை தளரவில்லை. இறைவன் ஊனுடலைப் புதுப்பித்து, அங்கிருந்த தடாகத்தில் மூழ்குமாறு பணித்தான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கரையேறியவர் கண்ணில் யானையும் கோழியும் குயிலும் மயிலும் தத்தம் துணையோடு வந்தன. அவை யாவும் சத்தியும் சிவமுமாகவே தோன்றின. பனிமலை தேடிச் சென்றவர்க்குச் சோழநாட்டிலேயே கயிலை வாய்த்தது. ஆனந்தத்தால் கண்ணீர் பெருகப் பாடினார், ஆடினார்.

இறுதிக் காலம் திருப்புகலூரில் கழிந்தது. அங்கும் கையில் உழவாரமே. திருமுற்றத்தில் புல் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பரற்கற்களோடு மின்னின. சுவாமிகள் கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே உழவாரத்தில் ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார். அரம்பையர் வந்து ஆடிப் பாடியும் அவர் சிந்தை திரும்பவில்லை, செய்பணி தொடர்ந்தது. ஒரு சித்திரைச் சதய நாளில், புகலூர்ப் பெருமானைப் பாடியவாறே அவன் திருவடியில் அமர்ந்தார்.