போன்–லேப்டாப் சிங்க் ஆகலையா? ரிசீவரோடு அன்றே மல்லுக்கட்டிய ஜெகதீஷ் சந்திர போஸின் கதை

போனில் எடுத்த படம் லேப்டாப்புக்குப் போகவில்லை. சிங்க் சின்னம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே நாம் என்ன செய்வோம்? ப்ளூடூத்தையோ வைஃபையையோ ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

கம்பியில்லாத் தொடர்பு பிறந்த காலத்திலேயே இந்தத் தலைவலி இருந்தது. சிக்னலை அனுப்புவதுகூட முடிந்துவிட்டது. அதை வாங்கும் கருவியை ஒழுங்காக வேலை செய்ய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கல்கத்தாவில் இருந்துகொண்டே அதற்கு வழி கண்டவர் ஜெகதீஷ் சந்திர போஸ். ஆமாம், செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னதாகப் பள்ளியில் படித்தோமே, அதே போஸ்தான்.

யார் இவர்?

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதியான வீடுகள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. ஆனால் அவர் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பிள்ளையோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தார் போஸ்.

பிறகு கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலே பிரபு.

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். வேலை கிடைத்தது, ஆனால் சம்பளத்தில் பாகுபாடு. ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்குக் குறைவு. போஸ் சண்டை போடவில்லை, வேலைநிறுத்தமும் செய்யவில்லை. 3 வருஷம் பாடம் எடுத்தார், சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, முழுச் சம்பளத்தை நிலுவையோடு கொடுத்தது.

இந்தச் சம்பளமில்லாக் காலத்தின் நடுவில்தான், 1887-ல், அபலாவைத் திருமணம் செய்தார். அபலா நம்ம ஊருக்கும் வந்தவர். 1882-ல் உதவித்தொகையோடு சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். உடல்நலக் குறைவால் முடிக்க முடியவில்லை. பின்னாளில் பெண் கல்விக்காக நிறைய உழைத்தார்.

5 மில்லிமீட்டர் அலை

மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் நிரூபித்திருந்தார். ஆனால் அவர் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றைச் சோதிக்கும் கருவிகளும் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும் என்று யோசித்தார் போஸ்.

1894-ல் கல்லூரியின் சின்ன அறை ஒன்றில் வேலை தொடங்கியது. கருவிகளை உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரை வைத்துச் செய்துகொண்டார். சுமார் 2.5 சென்டிமீட்டரில் இருந்து 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை உருவாக்கினார். இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ். 5ஜி-க்காக இந்தியாவில் 2022-ல் ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

1895-ல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் செய்துகாட்டினார். கம்பி எதுவும் இல்லாமல், ஆளையும் சுவரையும் தாண்டிப் போன அலை, தூரத்தில் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது.

அப்படியென்றால் நம்ம வீட்டில் அடுத்த அறைக்கே வைஃபை ஏன் திணறுகிறது? ஒவ்வொரு சுவரும் அலையில் ஒரு பங்கை விழுங்கிவிடும். மீதி வருவதை ரிசீவர் பிடிக்க முடிந்தால் வேலை நடக்கும். பொதுவாக அலை குட்டையாக ஆக, சுவரைத் தாண்டுவது கஷ்டம். செஞ்சி பக்கம் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குடைவரைக் கோயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே நின்றால் மூன்று பக்கமும் முழுப் பாறை. அலை வருவதற்கு வாசல் பக்கம்தான் வழி. காங்கிரீட் வீடும் சின்ன அளவில் அதைத்தான் செய்கிறது.

தட்டினால்தான் கேட்கும் கருவி

அந்தக் கால ரிசீவருக்குக் கொஹீரர் என்று பெயர். கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் தூள், அவ்வளவுதான். அலை வந்து பட்டால் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் பாயும். சிக்னல் வந்தது என்று தெரியும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. குழாயை ஒரு தட்டு தட்டினால்தான் அடுத்த சிக்னலை வாங்கும். வங்காளத்தின் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும் தொல்லை வேறு.

தூளுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை வைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார் போஸ். உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1899-ல், தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் ரிசீவரைப் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

இன்றைய சிங்க் பிரச்சினைக்கு இதில் என்ன இருக்கு?

நம்ம போனில் உலோகத் தூள் இல்லை. ஆனால் பழைய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சிக்னல் இருந்தும் சிங்க் ஆகவில்லை என்றால், வாங்கும் பக்கத்தையும் பாருங்கள்:

* இரண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருக்கிறதா? ஒன்று கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்க்காது.
* ப்ளூடூத் இணைப்பில் இரண்டு பக்கமும் ஒரு ரகசியச் சாவி சேமித்திருக்கும். ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கம் ஏற்காது. இரண்டிலும் நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.
* பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தால், பின்னணியில் நடக்கும் சிங்க் நின்றுபோகலாம்.
* ஒரே அறையில் வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக வேலை செய்தால், சுவரையும் தூரத்தையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

காப்புரிமை வேண்டாம் என்றவர்

1901-ல் லண்டனில் இருந்தபோது, தந்தி நிறுவன முதலாளி ஒருவர் லாபத்தில் பங்கு தருவதாகச் சொல்லி போஸைத் தேடி வந்தார். காப்புரிமை வாங்குங்கள், பணம் கொட்டும் என்பது பேச்சு. போஸ் மறுத்துவிட்டார். நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அறிவியலில் கண்டுபிடித்தது எல்லோருக்கும் பொது என்பது அவர் எண்ணம்.

நண்பர்கள் விடவில்லை. சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியின் முயற்சியில் விண்ணப்பம் போனது. கலீனா படிகத்தை வைத்துச் செய்த ரிசீவருக்கு 1904 மார்ச் 29-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் வைத்து அவர் பணம் பண்ணவில்லை.

இதற்கு நடுவே, 1901 டிசம்பர் 12-ல் மார்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டார். அப்போது பயன்பட்டது பாதரச ரிசீவர். அது யாருடையது என்று இத்தாலியிலேயே சண்டை நடந்தது. அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைதான் என்று, பொறியாளர் பிரபீர் பந்தோபாத்யாய் 1998-ல் ஐ.இ.இ.இ. இதழில் வாதிட்டார்.

அதற்காக, ரேடியோவையே மார்கோனி திருடிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணுவது சரியில்லை. கடல் கடந்த தகவல்தொடர்பை ஒரு அமைப்பாகக் கட்டியது மார்கோனி. போஸின் நோக்கம் தந்தி சேவை இல்லை, அலையின் குணத்தைப் புரிந்துகொள்வது. அவர் செய்ததை உள்ளபடி சொன்னாலே அவருக்குப் போதிய பெருமை.

கருவிக்கும் களைப்பு வரும்

தொடர்ந்து வேலை வாங்கினால் ரிசீவரின் உணர்திறன் மங்குவதையும், ஓய்வு கொடுத்தால் திரும்புவதையும் போஸ் கவனித்தார். தசையும் இப்படித்தானே களைக்கிறது? செடி? இந்தக் கேள்விதான் அவரைத் தாவரங்கள் பக்கம் திருப்பியது. உயிரியல் வல்லுநர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. செடியின் நுண்ணிய வளர்ச்சியையும் அளக்கும் கிரெஸ்கோகிராஃப் அந்தப் பிடிவாதத்தில் பிறந்தது.

1917 நவம்பர் 30, தன் 59-வது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ல், இன்றைய ஜார்கண்டில் உள்ள கிரிடியில் காலமானார்.

பிரசிடென்சி கல்லூரியில் அவர் செய்த மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை, பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக ஐ.இ.இ.இ. அமைப்பு அறிவித்தது 2012-ல். அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் கொல்கத்தாவில் இயங்குகிறது.